உருகிப்போன ஹெட்லைட் ஹோல்டர்: பழைய வண்டியில் வயரிங்கை முழுசாகச் சரிசெய்வது எப்படி

பல்பு மாற்றலாம் என்று பானட்டைத் திறந்து, ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹோல்டரைப் பிடித்து இழுக்கிறீர்கள், அது வர மாட்டேன் என்கிறது. அசைத்து அசைத்து இழுத்தால் பிளாஸ்டிக்கில் பாதி கையோடு வருகிறது, மீதி பல்பின் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெள்ளையாக இருந்த ஹோல்டர் ஒரு பக்கம் மட்டும் டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்து வயரின் தோல் விறைத்துப்போய், வளைத்தால் நொறுங்குகிறது. பதினைந்து இருபது வருடம் ஓடிய வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது இதைப் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டு 1998 மாருதி 800-இல் இது எனக்கு நடந்தது திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகும் வழியில், இரவு நேரத்தில். முதலில் பிளாஸ்டிக் கருகும் வாசனை, முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன், இரண்டு நிமிடத்தில் வலது பக்க டிம் போய்விட்டது. அதற்கு ஆறு மாதம் முன்புதான் ஒரு கடையில் வெளிச்சம் நன்றாக வரும் என்று சொல்லி 100/90 வாட் பல்பு போட்டுக் கொடுத்திருந்தார்கள், பழைய வயரிலேயே. மறுநாள் வேறொரு கடையில் புது ஹோல்டர் மட்டும் மாற்றிக்கொண்டு வந்தேன். நான்கு மாதத்தில் அதுவும் பழுப்பேறிவிட்டது. அப்புறம்தான் உட்கார்ந்து முழுவதையும் நானே அவிழ்த்துப் பார்த்தேன். அதில் கற்றுக்கொண்டது இதுதான்: கோளாறு கண்ணுக்குத் தெரியும் இடம் ஹோல்டர், ஆனால் சூட்டின் காரணம் பெரும்பாலும் ஹோல்டரோடு நிற்பதில்லை. ஹோல்டரை மட்டும் மாற்றினால் அது திரும்ப உருகும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். சாதாரண ஹெச்4 பல்பு (டிம், பிரைட் இரண்டும் ஒன்றிலேயே இருக்கும் மூன்று கால் ஹெட்லைட் பல்பு) 60/55 வாட், அதாவது பிரைட்டில் 60, டிம்மில் 55. 12 வோல்ட்டில் டிம்முக்கு ஏறக்குறைய 4.6 ஆம்பியர், பிரைட்டுக்கு 5 ஆம்பியர். இரண்டு பல்புக்கும் சேர்த்தால் 10 ஆம்பியரை ஒட்டி வரும். புது வண்டியில் அந்த வயரிங் இதைத் தாங்கும். பல்பின் தகடும் ஹோல்டருக்குள் இருக்கும் பின்னும் தொடுகிற இடத்தில்தான் வயது காட்டும். அந்தப் பின் ஸ்பிரிங் மாதிரி தகட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டும். வருடக்கணக்காகச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பிடி தளர்கிறது, தளர்ந்த இடத்தில் ஈரம் புகுந்து களிம்பு ஏறுகிறது. அந்தத் தொடுமுனையில் ரெசிஸ்டன்ஸ் வெறும் 0.1 ஓம் ஆனாலே 4.6 × 4.6 × 0.1 என்று அங்கே 2 வாட்டுக்கு மேல் சூடு. அதே இடத்தில் 100 வாட் பல்பைப் போட்டால் கரண்ட் 8.3 ஆம்பியர், சூடு கிட்டத்தட்ட 7 வாட். கரண்ட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சூடு மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. வீட்டில் வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் கால் பங்குக்கு மேல் சூட்டை விரல்நகம் அளவுத் தகட்டில், மூடிய ரப்பர் உறைக்குள்ளே (ரப்பர் பூட்), மணிக்கணக்காகக் கொடுத்தால் பிளாஸ்டிக் என்ன ஆகும் என்று பாருங்கள். சூட்டில் பின் இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். ஒருமுறை ஆரம்பித்தால் அது தானாக நிற்காது.

இவ்வளவு உருகியும் ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஃபியூஸ் அதிக கரண்ட் போனால் மட்டும்தான் அறுந்துபோகும். கெட்டுப்போன தொடுமுனை கரண்டைக் கூட்டுவதில்லை, கொஞ்சம் குறைக்கத்தான் செய்கிறது. அதனால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து வயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுக்கு வராதீர்கள். லைட் எரியாமல் போன ஆத்திரத்தில் பெரிய ஃபியூஸ் போடுவது இன்னும் மோசம், அப்புறம் உருகப்போவது வயர்தான்.

வெளிச்சம் குறைவதும் இதே நோயின் இன்னொரு அறிகுறி. பல்புக்கு வரும் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். ஹாலஜன் அப்படித்தான். பழைய வண்டியில் லைட் மஞ்சளாக எரிகிறது என்று பெரிய வாட் பல்பு போடுகிறோம், அது கூடுதல் கரண்ட் இழுத்து வயரில் இன்னும் வோல்ட்டேஜை இழக்கிறது, ஹோல்டர் உருகுகிறது. என் வண்டியில் நடந்தது அப்படியே இதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். எதையும் கழற்றும் முன் அளந்து பாருங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், 20 வோல்ட் டிசியில் வையுங்கள். என்ஜினை ஓடவிட்டு டிம்மைப் போட்டுவிட்டு முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்து என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், 13.5-க்கு மேலே ஏதோ ஒன்று வரும். அப்புறம் ஹோல்டர் பல்பிலேயே மாட்டியிருக்க, வயர் நுழையும் பின்பக்கமாக ஒவ்வொரு குண்டூசியை உள்ளே விட்டு, காமன் பின்னுக்கும் (மூன்று பின்னில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் பொதுவானது) டிம் பின்னுக்கும் இடையில் அளங்கள். இரண்டு குண்டூசியும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங் நல்ல நிலையில் இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் கட்டாயம் கை வைக்க வேண்டும். எங்கள் வண்டியில் வலது பக்கம் 2.1 வோல்ட் காணாமல் போயிருந்தது.

அது எங்கே காணாமல் போகிறது என்று அடுத்து பிரித்துப் பாருங்கள். பேட்டரி பிளஸ்ஸில் ஒரு முனை, ஹோல்டரின் பிளஸ் பின்னில் மறுமுனை: லைட் எரிந்துகொண்டிருக்கும்போது இது காட்டும் எண்தான் பிளஸ் பக்கத்து இழப்பு. அதேபோல பேட்டரி மைனஸுக்கும் ஹோல்டரின் மைனஸ் பின்னுக்கும். சந்தேகப்பட வேண்டிய இடங்கள் நான்குதான்: ஹோல்டர், பாடியில் எர்த் போல்ட் (மைனஸ் வயர் வண்டியின் பாடியோடு சேரும் இடம்), ஃபியூஸ் பாக்ஸில் தளர்ந்த கிளிப், ஸ்டியரிங் பக்கத்துக் காம்பினேஷன் சுவிட்ச். ஃபியூஸை உருவிப் பாருங்கள், கால்கள் நிறம் மாறியிருந்தாலோ ஃபியூஸின் பிளாஸ்டிக் சற்றே வளைந்திருந்தாலோ அந்தக் கிளிப்பும் சூடாகிறது என்று அர்த்தம். அரை மணி நேரம் லைட் போட்டு ஓட்டிய பிறகு சுவிட்ச் பக்கத்து ஸ்டியரிங் கவரைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பைத் தாண்டியிருந்தால் உள்ளே தொடுமுனைகள் தேய்ந்துவிட்டன. பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் முழு கரண்ட்டும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. பேட்டரியிலிருந்து கிளம்பி, டாஷ்போர்டுக்குள் போய், சுவிட்சைச் சுற்றிக்கொண்டு, மறுபடி முன்னால் வருகிறது, அதுவும் மெல்லிய வயரில்.

இப்போது வெட்டும் வேலை. 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றி ஓரமாக வையுங்கள், இதை மட்டும் தவறவிடாதீர்கள். உருகிய ஹோல்டரைப் பல்பிலிருந்து எடுத்துவிட்டு, பல்பின் மூன்று தகட்டையும் பாருங்கள். நீலம் பாய்ந்தோ குழி விழுந்தோ இருந்தால் அந்தப் பல்பைத் தூக்கிப் போடுங்கள், ஏனென்றால் அந்தச் சொரசொரப்பான தகடு புது ஹோல்டரின் பின்னையும் சீக்கிரம் கெடுத்துவிடும். புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் பட்ட இடம் அதிகச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும்.

வயரைக் கருகிய இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி வெட்டி, தோலைச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு புதுசு மாதிரி மின்னக் கூடாதா என்று நமக்கு ஆசை, ஆனால் முதல் வெட்டில் பெரும்பாலும் கறுத்த இழைகள்தான் வரும். நான் முதலில் வெட்டியபோது கறுப்பு, இன்னொரு அங்குலம் வெட்டினேன், சாம்பல் நிறம், மூன்றாவது வெட்டில்தான் சிவந்த செம்பு தெரிந்தது. கறுத்த செம்பில் லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோகக் கவ்வி) எவ்வளவு இறுக்கி நசுக்கிக் கிரிம்ப் பண்ணினாலும் அந்த இடம் மறுபடி சூடாகும், பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். வயர் எட்டாமல் போனால் அதே தடிமனிலோ அதைவிடத் தடிமனாகவோ புது வயர் சேர்த்துக்கொள்ளலாம்.

சேர்க்கும்போது முறுக்கி டேப் சுற்றாதீர்கள். என்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி, ஒரு கோடைக்குள் அவிழ்ந்துவிடும். ஈயம் வைத்தால் பலமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் ஹோல்டர் பக்கத்தில் நான் ஈயத்தை நம்புவதில்லை. சாதாரண சால்டரிங் ஈயம் 183 டிகிரியில் உருக ஆரம்பிக்கும், உருகாவிட்டாலும் ஈயம் ஏறிய இடத்தில் வயர் கம்பி மாதிரி விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பில் ஒடியும். சரியான கிரிம்பிங் டூல் கொண்டு லக் அடித்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றுங்கள். கட்டிங் பிளையரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. அடித்து முடித்ததும் வயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள், உருவி வந்தால் இப்போதே வரட்டும். இன்னொன்று, ரிலேக்கு (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) போடுகிற 6.3 மி.மீ. லக் ஹெச்4 பல்பின் தகட்டுக்குப் பொருந்தாது, அந்தத் தகடு அகலம் அதிகம். அதற்கென்று வரும் பின்னோ, வயரோடு வரும் ஹோல்டரோதான் வேண்டும்.

ஹோல்டர் வாங்கும்போது எல்லாரும் செராமிக் என்று கேட்பார்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ வரிசையாகத் தொங்கும். நல்லதுதான், ஆனால் செராமிக் உருகாது என்பதால் சூடு வராது என்று ஆகிவிடாது. பின் தளர்ந்திருந்தால் அதே சூடு வயருக்குள் ஓடி வயரின் தோலை உருக்கும், வெளியே ஹோல்டர் அழகாக இருப்பதால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் கடையிலேயே ஒரு பல்பை மாட்டிப் பாருங்கள், மாட்டும்போது கை வலிக்கிற அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும், மூன்று பின்னும் கவ்வ வேண்டும். வயர் முனையில் எட்டிப் பாருங்கள், தோல் தடிமனாக இருந்து உள்ளே செம்பு நாலு இழை மட்டும் இருக்கிற ஹோல்டர்கள் நிறைய விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். கடையில் இருப்பவரிடம் அண்ணா, 1.5 ஸ்கொயர் வயரோடு இருக்கிறதைக் காட்டுங்கள் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார். ஸ்கொயர் என்பது உள்ளே இருக்கும் செம்பின் தடிமன், சதுர மில்லிமீட்டரில்.

இத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான். நிரந்தரத் தீர்வு ரிலே, அதாவது சின்ன கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். ஹெட்லைட் கரண்ட்டைப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயரில் கொண்டுவந்து, பழைய சுவிட்சுக்கு ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் கொடுப்பது. ரிலேயைத் தட்டிவிடும் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், 85, 86 அதன் கால்கள்) இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு, 10 ஆம்பியர் சுமந்துகொண்டிருந்த சுவிட்சுக்கு அது ஒன்றுமே இல்லை. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று 12 வோல்ட் 30 அல்லது 40 ஆம்பியர் நான்கு கால் ரிலே இரண்டு வாங்குங்கள். ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்று எண் போட்டிருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 ஸ்கொயர் வயர் 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து இரண்டு பல்புக்கும். ஒவ்வொரு ரிலேக்கும் தனி ஃபியூஸ் வையுங்கள், டிம் ஃபியூஸ் போனாலும் பிரைட் இருக்கும், இரவில் நடுரோட்டில் முழு இருட்டில் நிற்க வேண்டியதில்லை. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் பாடியில் உரசினால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. பல்பின் காமன் பின்னை 2.5 ஸ்கொயரில் புது எர்த்துக்குக் கொண்டுபோங்கள், பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிகிற இடத்தில் வட்ட லக் போட்டு போல்ட்டில் முடுக்குங்கள், அல்லது நேராகப் பேட்டரி மைனஸுக்கே.

85-ம் 86-ம்தான் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் சுவிட்ச் பிளஸ்ஸை வெட்டி ஒட்டுவதில்லை, எர்த்தை வெட்டி ஒட்டுகிறது. காமன் பின்னுக்கு எப்போதும் 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும், டிம் வயரையோ பிரைட் வயரையோ சுவிட்ச் எர்த்தோடு சேர்க்கும். கடையில் கிடைக்கும் ரெடிமேட் ரிலே கிட் சிலவற்றில் காயிலின் ஒரு கால் எர்த்துக்குப் போயிருக்கும், அதை இந்த மாதிரி வண்டியில் மாட்டினால் லைட்டே எரியாது. இன்னும் மோசம், கிட்டின் பிளக்கில் காமன் பின்னையே எர்த்தோடு இணைத்திருந்தால், மாட்டியதும் நேராக ஷார்ட். உங்கள் வண்டி எது என்று யாரையும் கேட்க வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். இரண்டு பக்க பல்பிலிருந்தும் ஹோல்டரைக் கழற்றுங்கள். ஒரு பக்கம் மாட்டியே இருந்தால் அந்தப் பல்பின் ஃபிலமென்ட் வழியாக வோல்ட்டேஜ் சுற்றி வந்து தவறாகக் காட்டும், அதனால் இரண்டும் கழன்றிருக்க வேண்டும். பேட்டரியைத் திரும்ப மாட்டி லைட்டைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பால் மூன்று பின்னையும் தொட்டுப் பாருங்கள். டிம்மிலிருந்து பிரைட்டுக்கு மாற்றும்போது 12 வோல்ட் ஒரு பின்னிலிருந்து இன்னொரு பின்னுக்குத் தாவினால் பிளஸ் சுவிட்ச். நீங்கள் என்ன மாற்றினாலும் அது ஒரே பின்னில் நின்றால் எர்த் சுவிட்ச்.

இரண்டுக்கும் ஒத்துவருகிற ஒரே இணைப்பு இருக்கிறது, நான் அதைத்தான் செய்தேன். பழைய ஹோல்டர் வயர்களில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரிலேயின் 85-ஐயும் சேர்த்து அதன் காமன் வயரில் கொடுங்கள். டிம் வயரை ஒரு ரிலேயின் 86-இல், பிரைட் வயரை மற்றதன் 86-இல். சாதாரண ரிலே காயிலுக்குப் பிளஸ் மைனஸ் பேதம் இல்லை, உள்ளே டையோடு (கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) இல்லாத ரிலேயாகப் பார்த்து வாங்கினால் போதும். இப்படிச் செய்யும்போது பழைய காமன் வயர் புது எர்த்தை எங்கேயும் தொடக் கூடாது. மறு பக்கத்துப் பழைய வயர்களை ஒவ்வொன்றாக ஸ்லீவ் போட்டு மூடிக் கட்டிவிடுங்கள், வெட்டி எறிய வேண்டாம், நாளைக்குத் தேவைப்படும்.

ரிலேக்களை ரேடியேட்டர், சைலன்சர் சூடு படாத இடத்தில் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே தேங்காது. வயர்களை நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, கூரான தகட்டு விளிம்பு வரும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பில் மாட்டும் வளையம்) போடுங்கள். ஹோல்டர் பின்னால் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் புதுசு போடுங்கள். மழைக்காலத்தில் அதன் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போய்ப் பின்னில் களிம்பு ஏற்றுகிறது. பேட்டரி டெர்மினலுக்குத் தடவுகிற வாசலினை ஹோல்டருக்குள் தடவாதீர்கள், அந்தச் சூட்டில் உருகி ரிஃப்ளெக்டரில் படலமாகப் படியும்.

பல்பு எது என்பதில் நான் இப்போது பிடிவாதமாக இருக்கிறேன்: 60/55 மட்டும். ரிலே போட்டபின் 100/90 போட்டாலும் வயர் தாங்கும்தான், ஆனால் பழைய வண்டியின் ரிஃப்ளெக்டர் பளபளப்புப் பூச்சு அந்தச் சூட்டில் மங்கிப்போகும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். ஹெச்4 இடத்தில் போடுகிற எல்இடி பல்பு கரண்ட்டைக் குறைக்கும், ஹோல்டர் சூடாகாது என்பது உண்மை. ஆனால் அந்த ரிஃப்ளெக்டர் ஃபிலமென்ட்டின் இடத்துக்காக வடிவமைத்தது, எல்இடியில் டிம்மின் வெட்டுக்கோடு (வெளிச்சம் மேலே ஏறாமல் நிற்கும் கோடு) சிதறி எதிர்வண்டிக்காரரின் முகத்தில் அடிக்கும். இருவழிச் சாலையில் எதிரே பைக்கில் குடும்பத்தோடு வருபவர் ஒரு நொடி கண் தெரியாமல் போவதற்கு நான் காரணமாக இருக்க மாட்டேன். சரியான வோல்ட்டேஜ் கிடைத்தால் 60/55-இன் வெளிச்சமே போதும், மாட்டிப் பார்த்தால் நீங்களே சொல்வீர்கள்.

எல்லாம் முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு அரை மணி நேரம் டிம், அப்புறம் பத்து நிமிடம் பிரைட். லைட்டை அணைத்துவிட்டு ஹோல்டரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வயரைத் தொட்டுப் பாருங்கள். பல்புக்குப் பக்கத்தில் சூடு இருக்கத்தான் செய்யும், ஆனால் இங்கே வயர் ஏறக்குறைய குளிர்ந்தே இருக்க வேண்டும். ஃபியூஸ் ஹோல்டரையும் ரிலேயின் கால்களையும் தொட்டுப் பாருங்கள், எது சுடுகிறதோ அந்தக் கிரிம்ப்பை வெட்டி மறுபடி அடியுங்கள். டாஷ்போர்டில் பிரைட்டின் நீல விளக்கு பிரைட்டுக்கு மட்டும் எரிகிறதா என்றும் பாருங்கள். பிறகு அதே இரண்டு இடத்தில் மீட்டரை வைத்து அளங்கள். எனக்கு 2.1 வோல்ட் இழப்பு 0.3-க்கு இறங்கியிருந்தது. வீட்டுச் சுவருக்கு நேராக நிறுத்தி டிம்மின் கோடு ஏறி இருக்கிறதா என்று பார்த்து, ஹெட்லைட் திருகைச் சரிசெய்துகொள்ளுங்கள், பல்பைக் கழற்றி மாட்டியதில் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து ஒருமுறை ஹோல்டரை உருவிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பின்களின் பித்தளை நிறம் மாறாமல், உருவும்போது அதே இறுக்கம் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன்பு.